அடித்தகடு

குத்தாலத்துக்குத் தெற்கே கல் என்பது குதிரைக்கொம்பு. காவிரி காலம் காலமாகக் கொண்டுவந்து கொட்டியதெல்லாம் வண்டல். நாயை விரட்டக் குனிந்தால் கையில் மண்ணாங்கட்டிதான் வரும். அப்படிப்பட்ட இடத்தில் முருகையனின் மோட்டார் சைக்கிள் மூன்று மாதத்தில் மூன்று தடவை கல்லில் அடிபட்டது என்றால், அந்தக் கற்கள் தாமாக நடந்துவந்து வரப்பில் குந்தவில்லை என்பது பால்குடிப் பிள்ளைக்கும் விளங்கும்.

முருகையனுக்கும் விளங்கியிருந்தது. யார் வைத்தது என்று மட்டும் அவன் விசாரிக்கவில்லை. விசாரிப்பதற்குக் கொஞ்சமாவது கோபம் வேண்டும். அவனிடம் அது இல்லை. முதல் கல் பட்டு இன்ஜின் ஆயில் கசிந்தபோது இறங்கி வண்டியைத் தள்ளினான். இரண்டாவது கல் பட்டபோதும் தள்ளினான். மூன்றாவது கல்லில் இன்ஜினின் அடிப்பக்கம் பிளந்து கறுத்த ஆயில் முழுவதும் வரப்பில் கொட்டியது. கல்லைப் பிடுங்கி வாய்க்காலில் போட்டுவிட்டு மூன்று மைல் தள்ளிக்கொண்டு போனான். வழியில் பார்த்தவர்கள் ஒருவரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. கேட்கமாட்டார்கள். அவன் குழாய்க்காரன்.

குழாய் என்றால் எரிவாயுக் குழாய். கடலோரத்திலிருந்து புறப்பட்டு, வயல்களுக்கு அடியில் ஓடி, எங்கேயோ ஒரு தொழிற்சாலைக்குப் போகிறது. மண்ணுக்கு மேலே அதன் அடையாளம் அங்கங்கே ஊன்றிய மஞ்சள் கம்பங்கள்தான். குழாய் போகிற பட்டையில் மரம் வைக்கக் கூடாது, போர்வெல் போடக் கூடாது, கொட்டகை கட்டக் கூடாது. பட்டா உன் பெயரில்தான் இருக்கும், கிஸ்தியும் நீதான் கட்டுவாய், ஒரு தென்னங்கன்று ஊன்ற மட்டும் உனக்கு உரிமை கிடையாது. எந்தக் கரைவேட்டி ஆண்டாலும் இந்தக் கதை மாறவில்லை. எதிர்க்கட்சியாக இருக்கும்போது வரப்பில் உட்கார்ந்து முழக்கம் போட்டவர்கள், நாற்காலி கிடைத்ததும் வரப்பையே மறந்துபோனார்கள்.

தினமும் இந்தக் குழாய்மேல் இருபது கிலோமீட்டர் போய், எவனாவது தோண்டியிருக்கிறானா, கம்பத்தைச் சாய்த்திருக்கிறானா என்று பார்த்து போனில் அனுப்புவதுதான் முருகையனின் வேலை. அதற்காக ஒப்பந்தக்காரர் ஒரு வண்டி கொடுத்திருந்தார். மலைப்பாதையில் ஓடுவதற்கென்றே செய்த உயரமான வண்டி. மேடே இல்லாத சீமைக்கு மலையேறுகிற வண்டி வந்ததைப் பார்த்து ஊர் விழுந்து விழுந்து சிரித்திருக்கும், சிரிக்கிற நிலைமையில் இருந்திருந்தால்.

பள்ளம் தோண்டும் இயந்திரம் அவர்கள் ஊருக்கு வந்தது போன வருஷம் கார்த்திகைக் கடைசியில். சம்பா தொண்டைக்கதிரில் நின்றது. பத்து நாள் விட்டால் கதிர் வெளியே தலைகாட்டும், அறுப்புவரைக்கும் பொறுங்கள் என்று ஊர் கெஞ்சியது. போலீஸ் வேன் மூன்று வந்தது. போராட்டத்துக்கு முன்னால் நின்றவர் அய்யாவு. குழாய்த் தடத்தில் அடித்திருந்த முளைகளை எல்லாம் அவர் முதல் நாளே ஆட்களோடு போய்ப் பிடுங்கி ஆற்றில் விட்டுவிட்டார். முளை இல்லாவிட்டால் தடம் தெரியாது, தடம் தெரியாவிட்டால் இயந்திரம் திரும்பிப் போய்விடும் என்பது அவர் போட்ட கணக்கு. வயலில் தண்ணீர் மடையை அடைத்துப் பழகியவர் போடுகிற கணக்கு அது. இயந்திரம் திரும்பவில்லை. ஓட்டுகிற ஆள் வடக்கத்தியான். தடம் தெரியாவிட்டால் எனக்கென்ன, அகலமாக வாரிக்கொண்டு போகிறேன் என்று நின்றான். முதல் வயல் கலியபெருமாளுடையது.

கலியபெருமாள் முருகையனின் மாமனார். மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர். அவருடைய அப்பா பண்ணையில் குத்தகைக்கு உழுது, அடி வாங்கி, கொடி பிடித்து, தாலுகா ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் செருப்புத் தேய அலைந்து வாங்கிய பட்டா அது. முருகையனுக்கு அந்த வயலில் ஒவ்வொரு அடியும் அத்துப்படி. கல்யாணமான வருஷத்திலிருந்து அங்கே வரப்பு வெட்டுவது அவன்தான். இயந்திரம் வந்தபோது அவன் குழாய்க் கம்பெனியில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது, வரைபடத்தையும் பார்த்திருந்தான். அதனால் வரப்பில் இறங்கினான். காலடியால் அளந்துகொண்டே போனான். இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும்தான், இதற்கு மேல் தொடாதே என்று கையை நீட்டிக் காட்டினான்.

காட்டாமல் இருந்திருந்தால் மூன்று மாவும் போயிருக்கும். காட்டியதால் ஒரு மாவோடு நின்றது. இது முருகையனுக்கு மட்டும் தெரிந்த கணக்கு. ஊர் பார்த்தது வேறு. மாமனார் வயலைக் காட்டிக்கொடுக்க நீண்ட கையைத்தான் ஊர் பார்த்தது. அவன் பெண்டாட்டி மலர்கொடியும் வரப்பில்தான் நின்றாள். அவள் பார்த்ததும் அதைத்தான்.

பத்தொன்பதாம் நாள் கலியபெருமாள் மாட்டுக்கொட்டகையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அதற்கும் குழாய்க்கும் சம்பந்தம் உண்டா என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, எந்த டாக்டரையும் யாரும் கேட்கவும் இல்லை. சுடுகாட்டுக்குத் தூக்கும் முன் வாய்க்கரிசி போட்டார்கள். முருகையன் கையில் அரிசியோடு குனிந்தபோது மலர்கொடி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீங்க தொட வேணாம்" என்றாள்.

சத்தம் போடவில்லை, அழவில்லை. தண்ணீர் கேட்கிற குரலில்தான் சொன்னாள். அவனிடம் அவள் கடைசியாகப் பேசிய வார்த்தை அதுதான்.

பதினோரு மாதம் ஆயிற்று. அவள் வீட்டை விட்டுப் போகவில்லை. சமைத்தாள், சோறு போட்டாள், அவன் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டாள். பொழுது விடிந்தால் நடவு, களை என்று பெண்களோடு வயலுக்குப் போனாள். பிள்ளை குட்டி இருந்தாலாவது அதன் மூலமாக ஒரு பேச்சு போய்வரும். அதுவும் இல்லை. ஆரம்பத்தில் அவன் பேசிப் பார்த்தான், விளக்கிப் பார்த்தான், ஒரு நாள் தட்டைத் தள்ளியும் பார்த்தான். அவள் கொட்டிய சோற்றைக் கூட்டி அள்ளிக்கொண்டு போனாள்.

முதலில் வலித்தது. பிறகு மரத்துப்போனது. நாள் முழுக்கச் சேற்றில் நின்று நடுகிறவர்களுக்குக் கால் மரத்துவிடும், முள் ஏறினால்கூட வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் தெரியும். அவன் ஆளே அப்படி ஆகியிருந்தான். வேலைக்குப் போனான், வந்தான், தூங்கினான். அவன் உடம்பில் மரக்காமல் மிஞ்சியது காது ஒன்றுதான். அடுப்படியில் பாத்திரம் உருண்டால் அது திரும்பியது. அவள் ஒரு வார்த்தை பேசினால் போதும். திட்டாக இருந்தால்கூடப் போதும். வேறு எதுவும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது கல்லுக்குப் பிறகு சூப்பர்வைசர் போனில் பிடித்தார். "இன்னொரு தடவ இன்ஜின் போச்சுன்னா வண்டியும் போச்சு, நீயும் போயிடு. தஞ்சாவூர்ல போய் அடியில ஸ்கிட் பிளேட் போட்டுக்கிட்டு வா" என்றார். கும்பகோணத்தில் பிளவைப் பற்றவைத்து வாங்கிய கையோடு, மறுநாள் காலை முருகையன் தஞ்சாவூர் கிளம்பினான். "தஞ்சாவூர் போயிட்டு வர்றேன், இன்ஜினுக்குத் தகடு போடணும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். மலர்கொடி களைக்குப் போகத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சை இறுக்கிக்கொண்டு வெளியே போனாள்.

ஹபீப் முகம்மதுவின் கடை மருத்துவக் கல்லூரி சாலையில் இருந்தது. துபாயில் பத்து வருஷம் மணல்மேட்டில் ஓடுகிற வண்டிகளுக்கு வேலை பார்த்துவிட்டு வந்தவர். இங்கே அவருக்கு வாடிக்கை கல்லூரிப் பிள்ளைகள். கொல்லிமலைக்கு ஒரு தடவை போவதற்கு இமயமலைக்கு வேண்டிய சாமான் எல்லாம் வாங்கிப் பூட்டிக்கொண்டு, அந்த ஒரு தடவையும் போகாமல் பெரிய கோயில் வாசலில் போட்டோ எடுத்துக்கொள்கிற பிள்ளைகள். ஆகவே சேறு காயாத வண்டியோடு ஒரு நடுவயசு ஆள் வந்து நின்றதும் ஹபீப்புக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"வாங்கண்ணே. வண்டி உண்மையாவே ஓடுற வண்டியால்ல இருக்குது. எங்க ஓட்டுறீங்க?"

"வரப்புல."

"வரப்புலயா? பிளேட்டு எதுக்கு?"

"கல்லு அடிக்குது பாய்."

"நம்ம பக்கத்து வரப்புல ஏதுண்ணே கல்லு?"

"வைக்கிறாங்க" என்றான் முருகையன்.

ஹபீப் வண்டியின் முன்னால் ஒட்டியிருந்த கம்பெனிச் சீட்டைப் பார்த்தார். அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தார். "குழாயா" என்றார். முருகையன் தலையை ஆட்டினான். அவர் அதற்குமேல் அதைக் கிளறவில்லை. உள்ளே போய் மூன்று தகடுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

ஒன்று இரும்பு, கறுப்பாக, பாத்திரம்போல இரண்டு பக்கமும் மடித்து மூடியது. ஒன்று அலுமினியம், அடியில் நீள நீளமாக ஓட்டை வெட்டியது. இன்னொன்று பிளாஸ்டிக்.

"எது கனமோ அதப் போடுங்க" என்றான் முருகையன்.

"கனம் பாத்து வாங்க இது என்ன சங்கிலியா? கேளுங்க. இந்த இரும்புத் தகடு கல்லுக்கு நல்லது. மலையில ஓடுனா இதத்தான் தருவேன். ஆனா உங்க ஊரு களிமண்ணு. சேறு தெறிச்சு இதுக்குள்ள போய் அடைஞ்சுக்கும். வெளிய வர வழி கெடையாது. இன்ஜின் சூட்டுல சேறு வெந்து செங்கல்லா ஆயிடும். அப்புறம் இன்ஜினுக்குக் காத்து படாது, சூடேறி ஒரு நாள் அப்படியே புடிச்சுக்கும். கல்லுக்குப் பயந்து தகடு போட்டு, தகட்டாலயே இன்ஜின் போன வண்டி ரெண்டு நம்மகிட்ட வந்திருக்குது. ஓட்டை வச்சதுன்னா சேறு விழுந்துடும், தண்ணி அடிச்சும் கழுவலாம். பிளாஸ்டிக்கு வேணாம், வச்ச கல்லுக்கு அது தாங்காது."

"சரி. நீங்க சொல்றதப் போடுங்க."

"மொதல்ல எங்க அடிக்குதுன்னு பாத்துடுவோம்."

வண்டியை மேடைமேல் ஏற்றினார். விளக்கைப் பிடித்துக்கொண்டு மல்லாக்கப் படுத்து அடியில் நுழைந்தார். விரலால் தடவிப் பார்க்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணே, எத்தன தடவ அடிச்சுது?"

"மூணு."

"ஒரே எடத்துலயா?"

"இல்ல. ஒண்ணு அய்யாவு வயல் வரப்பு. ஒண்ணு கோயில் நிலத்துல. ஒண்ணு மதகுகிட்ட. வேற வேற எடம்."

"நான் ஊர்ல கேக்கல, வண்டியில கேக்குறேன். இங்க வந்து பாருங்க."

முருகையன் குனிந்தான். இன்ஜினின் இடது அடியில் பற்றவைத்த தழும்பு இருந்தது. அதற்குள்ளேயே பழைய இரண்டு காயங்களின் விளிம்பும் தெரிந்தன. ஹபீப் தன் பெருவிரலை அதன்மேல் வைத்தார். மூன்றும் விரலுக்கு அடியில் மறைந்தன.

"பட்ட காலிலே படும்பாங்க. சொல்லத்தான் கேட்ருக்கேன், இப்பதான் பாக்குறேன். மூணு வேற வரப்பு, மூணு தடவயும் ஒரே காயம். மொத ரெண்டுல நசுங்கியிருக்குது, மூணாவதுல அதே எடம் தாங்காம பிளந்துடுச்சு. சும்மா கல்லத் தூக்கிப் போட்டா இப்படி அடிக்காது. ஒசரம் அளந்து நட்டிருக்காங்க. அதும் எப்படி, நீங்க ஏறி உக்காந்தா வண்டி ரெண்டு விரக்கடை எறங்கும், எறங்கின ஒசரத்துக்கு."

முருகையன் தழும்பைத் தொட்டுப் பார்த்தான்.

"இன்னொண்ணு. முன்சக்கரத்துல ஒரு கீறல் இல்ல. சக்கரம் போற தடத்துக்கு நாலு விரக்கடை தள்ளி நட்டிருக்காங்க. சக்கரத்துல பட்டிருந்தா தூக்கி எறிஞ்சிருக்கும். மூணுல ஒண்ணுலயாவது விழுந்தீங்களா?"

"இல்ல."

அவன் யோசித்துப் பார்த்தான். மூன்றும் வரப்பு அகலமாக, காய்ந்து இருந்த இடங்கள். கால் ஊன்ற இடம் இருந்தது. விழவேண்டிய இடம் எத்தனையோ அந்தப் பாதையில் இருக்கின்றன, அங்கே எதிலும் கல் இல்லை.

"வச்சவங்களுக்கு உங்க மேல கோவம் இல்லண்ணே. வண்டி மேலதான்" என்றார் ஹபீப். விளக்கைப் பின்பக்கம் நகர்த்தினார். "இது என்ன, பின் ஷாக்க ஏத்தியிருக்கீங்களா? ஸ்பிரிங்குக் கட்டை புதுசா நகந்திருக்குது."

"ஒரு கட்டை ஏத்துனேன். ரெண்டாவது அடிக்கு அப்புறம். தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கெழம."

ஹபீப் வெளியே வந்து உட்கார்ந்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "அத ஏத்துனா இன்ஜின் அரை இஞ்சு தூக்கிடும். பழைய ஒசரத்துல கல்லு இருந்திருந்தா மூணாவது தடவ படாமலே தாண்டியிருப்பீங்க. பட்டிருக்குது. அப்படின்னா கல்லையும் அரை இஞ்சு ஏத்தியிருக்காங்க. நீங்க ஷாக்க ஏத்துனது யாருக்கெல்லாம் தெரியும்?"

யாருக்கும் தெரியாது என்று சொல்ல முருகையன் வாயெடுத்தான். கொல்லையில் வைத்துத்தான் ஏற்றினான். ஊரில் எவனிடம் அவன் பேசுகிறான், சொல்வதற்கு? அந்த ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் இருந்தவர்கள் இரண்டு பேர். அவன் ஸ்பானரோடு குந்தியிருந்தான். பத்தடி தள்ளி மலர்கொடி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவே இல்லை என்று நினைத்திருந்தான்.

பிறகு மற்றதும் ஒவ்வொன்றாக வந்தது. அய்யாவு வயலில் கல் பட்ட வாரம் அங்கே நடவு. கோயில் நிலத்தில் பட்டபோது அங்கே களை. மதகுக்குப் பக்கத்திலும் களைதான், போன வாரம்கூட அவள் சேலையில் அந்த வயலின் கோரைத்தாள் ஒட்டியிருந்தது. அவன் போகும் நேரம், போகும் தடம், அவன் கனம், எல்லாம் தெரிந்த ஆள் ஊரில் ஒருவர்தான் உண்டு.

"வீட்டுல..." என்றான்.

ஹபீப் உலகம் பார்த்தவர். சட்டென்று எழுந்து போய் மரைகளைத் தேட ஆரம்பித்தார். தேடவேண்டிய மரைகள் மேசைமேலேயே இருந்தன.

முருகையன் ஸ்டூலில் உட்கார்ந்தான். கோபம் வருகிறதா என்று பார்த்தான். வரவில்லை. வந்தது வேறு ஒன்று. பதினோரு மாதமாகத் தன்னைத் திரும்பிக்கூடப் பார்க்காதவள் என்று எவளை நினைத்தானோ, அவள், அவன் ஏறி உட்கார்ந்தால் வண்டி எவ்வளவு இறங்கும் என்று தெரிந்து வைத்திருக்கிறாள். அரை இஞ்சு ஏறினால் அதுவும் அவளுக்குத் தெரிகிறது. அவன் விழாத இடமாகப் பார்த்துக் கல் நடுகிறாள். கல்யாணமான புதிதில்கூட அவள் அவனை இவ்வளவு உற்றுப் பார்த்திருக்கமாட்டாள். இத்தனை நாளும் அவள் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், அவன்தான் கல்லைப் பிடுங்கி வாய்க்காலில் போட்டுக்கொண்டிருந்தான்.

"பாய், இந்தத் தகடு போட்டா கல்லு என்னா ஆவும்?"

"என்னா ஆவும்? டங்குன்னு சத்தம் கேக்கும். நீங்க பாட்டுக்குப் போயிட்டே இருக்கலாம்."

போய்க்கொண்டே இருக்கலாம். வேலை நிலைக்கும். அவள் இன்னும் எத்தனை கல் நட்டாலும் வண்டி நிற்காது. நான்காவது கல்லோடு அவளுக்குப் புரிந்துவிடும், அதற்குப் பிறகு அதையும் விட்டுவிடுவாள். வேண்டாம், எடுத்து வைத்துவிடுங்கள் என்று நாக்கு நுனிவரைக்கும் வந்தது. போடாமல் போனால் அடுத்த கல்லில் வேலை போய்விடும், வண்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள், வண்டி இல்லாவிட்டால் கல்லுக்கும் வேலை இல்லை. போட்டாலும் போச்சு, போடாவிட்டாலும் போச்சு. மாமனார் வயலில் கை நீட்டிய அன்றைக்கும் இதே மாதிரிதான் இருந்தது.

"கறுப்புப் பெயிண்ட் அடிச்சது இருக்குது, அடிக்காத வெள்ளையும் இருக்குது. எது?" என்றார் ஹபீப். "கறுப்புல கீறல் அவ்வளவா தெரியாது. வெள்ளையில ஒண்ணு பட்டாலும் காட்டிக்குடுத்துடும்."

"வெள்ளையே போடுங்க."

"கீறல் தெரியும்ணே."

"தெரியட்டும்."

பூட்டுவதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. இன்ஜினைத் தாங்குகிற கம்பிகளில் நான்கு பிடிகள் மாட்டி, தகடு தடதடக்காமல் இருக்க இடையில் ரப்பர் வைத்து, மரைகளை முதலில் கையால் சுற்றி, பிறகு ஸ்பானரில் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி இறுக்கினார் ஹபீப். ஆயில் மாற்றும் திருகுக்கு நேராகத் தகட்டில் ஓட்டை வருகிறதா என்று பார்த்தார். அரை விரல் விலகியிருந்தது. எல்லாவற்றையும் தளர்த்தி, தகட்டை முன்னால் தள்ளி, மறுபடி இறுக்கினார். கடைசியில் அளவு நாடாவை வைத்தார்.

"தரைக்கும் தகட்டுக்கும் எடைவெளி ஒன்றரை இஞ்சு கொறஞ்சிருக்குதுண்ணே. முன்ன படாதது இனிமே படலாம். பாத்துப் போங்க."

கும்பகோணம் தாண்டியபோது தூறல் பிடித்தது. சாலையின் இரண்டு பக்கமும் பயிர் பச்சையாக நின்றது. அவனுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. சேற்றிலிருந்து ஏறி வெந்நீரில் காலை வைத்தால் மரமரப்பு விலகும்போது ஆயிரம் ஊசி குத்தும், அந்த மாதிரி உடம்பு முழுக்கச் சுருக்சுருக்கென்றது. ஊர் எல்லை வந்தபோது, இதை அவளிடம் கேட்பதா வேண்டாமா என்று அவனுக்கு இன்னும் தெரிந்திருக்கவில்லை. கேட்டால் இதையும் நிறுத்திவிடுவாள் என்று பயமாக இருந்தது.

நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தான். மலர்கொடி அப்போதுதான் களையிலிருந்து வந்து கொல்லையில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் வண்டியைக் கொல்லையிலேயே நிறுத்தினான். உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி மாட்டினான், சொம்பில் தண்ணீர் மொண்டு குடித்தான். ஜன்னல் வழியாகக் கொல்லை தெரிந்தது.

மலர்கொடி துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை உருவினாள். வண்டிக்குப் பக்கத்தில் குந்தினாள். ஈர்க்கைத் தரையில் ஊன்றி மேலே உயர்த்தினாள். அது பழைய இடத்துக்குப் போகவில்லை, அதற்குக் கீழேயே தகட்டில் முட்டியது. அவள் தலையைச் சாய்த்து அடியில் பார்த்தாள். வெள்ளைத் தகட்டைக் கையால் தடவினாள். விரலை மடக்கித் தட்டினாள். அப்புறம் ஈர்க்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே குந்தியிருந்தாள். எழுந்திருக்கவில்லை. மூன்று மாதமாக அவளுக்கு இருந்த ஒரே வேலையை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி அவள் முகம் இருந்தது. அதைப் பார்க்க முருகையனுக்குத் தாங்கவில்லை.

வெளியே போனான். அவள் அவன் வருவதைப் பார்த்தாள். ஈர்க்கை மறைக்கவில்லை, கீழே போடவும் இல்லை. தலையை மட்டும் குனிந்துகொண்டாள். அவள் பக்கம் திரும்பாமல் அவன் காலைத் தூக்கிப் போட்டு வண்டியில் உட்கார்ந்தான். ஸ்டாண்டை எடுத்தான். வண்டி ரெண்டு விரக்கடை இறங்கியது. கைப்பிடியைப் பிடித்தபடி எதிரே இருந்த வாழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இனிமே ஒடையாது. ரொம்பக் கெட்டித் தகடு" என்றான் வாழையிடம். "ஆனா சத்தம் கேக்கும். எங்க பட்டாலும் எனக்குக் கேக்கும்."

அவன் காது பதினோரு மாதமாக இருந்த மாதிரியே அவள் பக்கம் திரும்பியிருந்தது. கீழே ஈர்க்கு மண்ணில் ஊன்றுகிற அரவம் கேட்டது. ஒரு தடவை ஊன்றி எடுத்தாள். மறுபடி ஊன்றினாள். அளவு சரியாக வரவில்லை போலிருந்தது. அவன் இரண்டு காலையும் தரையில் ஊன்றியிருந்தான். கால் ஊன்றியிருந்தால் ஆளின் பாரம் முழுசும் வண்டிக்கு வராது.

"காலத் தூக்குங்க" என்றாள் மலர்கொடி.

குரல் கரகரத்திருந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. காலைத் தூக்கினால் வண்டி சாயும் என்று அவனுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் குந்தியபடியே நகர்ந்து வந்து இடது தோளை வண்டியின் பக்கவாட்டில் கொடுத்தாள். ஒரு கை ஈர்க்கோடு தகட்டுக்கு அடியில் போயிற்று.

முருகையன் இரண்டு காலையும் தூக்கினான். வண்டியும் அவனும் அவள் தோளில் நின்றார்கள்.